எண்ணெய்ச் சட்டி வைத்த கிறிஸ்மஸ்

உக்காருங்கக்கா, இடம் கெடக்கு. பையை நான் மடியில வச்சுக்கிடுதேன். நீங்களும் கோட்டாத்துக்கா? நானும் அங்கதான், சவேரியார் கோயிலுக்கு. பூசை கண்டுட்டு மத்தியானத்துக்குள்ள திரும்பிருவேன். உங்க ஊர்ல கோயில் இல்லையான்னு கேப்பிய. எல்லாரும் கேக்கத்தான் செய்யுதாவ. எங்க வீட்டு வாசல்ல நின்னா கோயில் கோபுரம் தெரியும். பூசைமணி அடிச்சா அடுக்களையில பாத்திரம் அதிரும். ஆனா அந்தக் கோயிலுக்குள்ள நான் இப்ப போறதில்ல. எங்க நாத்தனாதான் காரணம். அமலோற்பவம்னு பேரு, எங்க வீட்டுக்காரருக்குக் கூடப்பெறந்த ஒரே தங்கச்சி.

என்ன செஞ்சான்னு கேக்கியளா? உயிரோட இருக்க மனுசனை, எங்க வீட்டுக்காரரை, செத்தவங்க பூசையில பேரு சொல்லி வாசிக்க வச்சிட்டா. இந்த வருசம் ஆடி கடைசியில, ஒரு வெள்ளிக்கிழமை. நான் ஒண்ணுந் தெரியாம பொம்பளையாளுக பக்கம் முட்டுப்போட்டு இருக்கேன். சாமியாரு வாசிக்காவ, 'தொபியாஸ் அவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, குடும்பத்தார்.' குடும்பத்தாராம். குடும்பம்னா நானும் எம்மவ பெனிட்டாவும்தான. நாங்க யாரும் எழுதிக் குடுக்கலையே. எந்திரிச்சு வெளிய வந்தேன். செருப்பைப் போட்டேனா இல்லையான்னுகூட ஞாபகம் இல்ல. அன்னைக்கு நின்னதுதான் உள்ளூர்ப் பூசை.

சத்தம் போட்டிருப்பேன்னு நினைப்பிய. இல்லக்கா. எனக்குக் கோவம்கூட வரல. வரணும்லா? வரல.

எங்க வீட்டுக்காரரு கடலுக்குப் போனது போன வருசம் ஆடியில. சொந்த வள்ளம். கூட ஒருத்தரு, வேற ஊர்க்காரரு. ராத்தங்கி மறுநா வரணும். வரல. எல்லா வள்ளமும் போயித் தேடுச்சு, பெரிய போட்டெல்லாம் தேடுச்சு. வள்ளம் மட்டும் கொல்லத்துக்குப் பக்கத்துல ஒதுங்கிச்சு, கவுந்த வாக்குல. அதுல வலை இருந்துச்சாம். அவிய இல்ல. அதுக்கு என்ன அர்த்தம்? அவிய அங்க இல்லன்னு அர்த்தம். அவ்வளவுதான. அதுக்கு மேல எப்படி அர்த்தம் எடுக்காவன்னு எனக்கு இன்னைக்கும் விளங்கல.

கூடப் போனவரு வீட்டுல மாசம் முடியுமுன்ன செபம் எல்லாம் சொல்லி, பொஞ்சாதிக்கு வெள்ளைச்சேலை குடுத்துட்டாவ. அது அவங்க இஷ்டம். எங்க சித்தி ஊர்ல ஒருத்தரு இப்படித்தான் போனாரு. யாரோ கப்பல்காரங்க தூக்கி எங்கேயோ கரையில விட்டிருக்காவ. ரெண்டு வருசம் கழிச்சு தாடியும் மீசையுமா வாசல்ல வந்து நிக்காரு. அதுக்குள்ள அவரு பொஞ்சாதி தாலியக் கழத்தி உண்டியல்ல போட்டுட்டா. அப்புறம் திரும்பிக் கேக்க முடியுமா? பாருங்க அவ நெலமைய.

அதுவுமில்லாம எனக்கு அழுகையே வரலக்கா. இன்னைக்கு வரைக்கும் வரல. எங்கம்மா செத்தப்ப அப்படி அழுதேன், ஒரு பூனைக்குட்டி செத்ததுக்கு அழுதவ நான். அவிய செத்திருந்தா எனக்கு அழுகை வந்திருக்கும்லா? நெஞ்சுக்குள்ள மரத்துப்போன மாதிரி சும்மா கெடக்கு. இதை அமலோற்பவத்துக்கிட்டயும் சொன்னேன். அவ என் மூஞ்சியவே பாத்துட்டு இருந்துட்டு எந்திரிச்சுப் போயிட்டா.

அந்த சன்னலைக் கொஞ்சம் எறக்குதியளா, காத்து காதுல அடிக்கு. ஆங், போதும்.

போன வருசம் கல்லறைத் திருநாளுக்கு அமலோற்பவம் ஒரு கூத்து பண்ணுனா. நவம்பர்ல ஊரே கல்லறைத் தோட்டத்துலதான கெடக்கும், புல்லு செதுக்கி, சுண்ணாம்பு அடிச்சு. நானும் எங்க மாமனார் மாமியார் கல்லறைக்கு மெழுகுத்திரி கொளுத்தப் போனேன். அவளும் வந்தா. ரெண்டு கல்லறை, ரெண்டு திரி. இவ கையில மூணாவது ஒண்ணு வச்சிருக்கா. யாருக்குன்னு கேட்டேன். அண்ணனுக்குன்னா. எந்தக் கல்லறையில வைக்கப் போறன்னு கேட்டேன். நான் மெதுவாத்தான் கேட்டேன், சண்டைக்குக் கேக்கல. அவ கொஞ்ச நேரம் அங்கனயும் இங்கனயும் பாத்தா. வைக்க எடமில்ல. திரும்பப் பைக்குள்ள போட்டுக்கிட்டா. அப்பவே அவ மனசுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு.

அப்புறம் கிறிஸ்மஸ் வருது. உங்க பக்கமும் இந்த வழக்கம் இருக்கும். துக்க வீட்டுல வருசம் திரும்புற வரைக்கும் எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டாவ. முறுக்கு சுடுறதோ அதிரசம் போடுறதோ கெடையாது. சொந்தக்காரங்க, அக்கம்பக்கத்து ஆளுகதான் பலகாரம் கொண்டாந்து குடுப்பாவ. அந்த வீட்டுல இருந்து யாருக்கும் தட்டு போகாது. வரத்து மட்டுந்தான். அதுலயும் எங்க ஊர்ல ஒரு மொறை இருக்கு. மொதத் தட்டு செத்தவருக்குக் கூடப்பெறந்தவ கையால வரணும். அவ வந்து வச்சதுக்கு அப்புறந்தான் மத்தவங்க தட்டைத் தூக்குவாவ.

அப்ப எங்க வீட்டு நெலமைய நினைச்சுப் பாருங்க. நான் சட்டி வச்சா அவிய இருக்காவ. வைக்காட்டி இல்ல. நான் வாயால ஒண்ணும் சொல்ல வேண்டாம். ஊரு மூக்கால மோந்தே தெரிஞ்சுக்கிடும்.

ஊருக்கும் சங்கடந்தான், பாவம். எங்களுக்குத் தட்டு கொண்டாரதா வேண்டாமான்னு ஒருத்தருக்கும் தெரியல. கொண்டாந்தா அவியளைச் சாகடிச்ச மாதிரி. கொண்டாராட்டி துக்கத்தை மதிக்காத மாதிரி. அடுத்த வீட்டு ரோஸ்லின் இருக்காள்லா, அவ கெட்டிக்காரி. நாகர்கோவில் பேக்கரியில கேக்கு வாங்கிக் கொண்டாந்து குடுத்தா. கேக்குக்கு எண்ணெய்ச் சட்டி கெடையாதுல்லா. அவிய இருந்தாலும் கேக்கு திங்கலாம், இல்லாட்டியும் திங்கலாம். எனக்குச் சிரிப்பு வந்துச்சு. சிரிச்சேன்னு நினைக்கேன்.

நான் பச்சரிசி ஊறப் போட்டேன். பெனிட்டா காலேஜு விட்டு வந்து வாளியத் தொறந்து பாத்துட்டு, எதுக்கும்மா இதுன்னு கேட்டா. கிறிஸ்மஸ் வருதுல்லான்னேன். வேண்டாம்மா, இந்த ஒரு வருசம் சும்மா இருப்போம், ஊரு ஒரு மாதிரிப் பேசும்னா. உங்கப்பா வந்து வாசல்ல நிக்கும்போது வீடு காலியா கெடந்தா என்ன நினைப்பாவன்னு கேட்டேன். அவ வாளிய மூடி வச்சிட்டுப் போயிட்டா. நல்ல பிள்ளை. அன்னையில இருந்து எங்கிட்ட அவ்வளவா பேசுறதில்ல, பரீட்சை நேரம்லா.

மாவு மில்லுல கூட்டம். நான் வாளியோட உள்ள நுழைஞ்சதும் பேச்சு நின்னு போச்சு. மிஷின் சத்தம் மட்டும் கேக்கு. வரிசையில எனக்கு முன்ன நின்னவ தள்ளி எடம் விட்டா. எல்லாரும் எடம் விட்டாவ. எவ்வளவு மரியாதை பாருங்க. மொத ஆளா அரைச்சிட்டு வந்துட்டேன்.

அடுப்பு பத்த வச்சுச் சட்டிய வச்சு எண்ணெய ஊத்துனேன். அடுக்களைச் சன்னலை நல்லாத் தொறந்து விட்டேன், வாசம் தெருவுக்குப் போகட்டும்னு. முறுக்கு சுட்டேன், அச்சுமுறுக்கு போட்டேன். பாகு காச்சி அதிரசம் போட்டேன். பெனிட்டாவுக்குப் பிடிக்கும்னு, எண்ணெயில பொரிக்கிற வெட்டுக் கேக்கும் போட்டேன். ரெண்டு நாளா அடுப்பு அணையல. உப்புப் பாக்க மட்டும் பெனிட்டாவைக் கூப்பிட்டேன், எனக்கு நாக்குல ஒண்ணும் பிடிபடல. அவதான் என் கையப் பிடிச்சுத் திருப்பிப் பாத்தா. மணிக்கட்டுல இருந்து முழங்கை வரைக்கும் எண்ணெய் தெறிச்சுக் கொப்பளிச்சுக் கெடக்கு. சுட்டதே எனக்குத் தெரியல. இந்தா பாருங்க, தழும்பு இன்னும் இருக்கு. வேலை மும்முரத்துல தெரியாதுல்லா.

சுட்டதும் தட்டுகளை அடுக்கி, துணி போட்டு மூடி, நானே வீடு வீடாப் போனேன். துக்க வீட்டுக்காரி தட்டு கொண்டு போவாளா? மாட்டாள்லா. நான் கொண்டு போனேன். எல்லாரும் வாங்குனாவ. ஒருத்தரும் வேண்டாம்னு சொல்லல. ரோஸ்லின் தட்டை ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டு, சீனி போட்டுத் திருப்பித் தந்தா. வெறுந்தட்டா யாரும் தரல. சிலபேரு கண்ணு கலங்கியிருந்துச்சு, சமையக்கட்டுப் பொகையா இருக்கும். எனக்கு என்ன தோணுச்சுன்னா, முடிஞ்சுது, ஊரு ஒத்துக்கிட்டுது. இனி அமலோற்பவம் ஒருத்திதான் பாக்கி. அவ தட்டு கொண்டு வராம இருந்துட்டா போதும்.

அவ வந்தா. கிறிஸ்மஸுக்கு மொத நாளு மத்தியானம். அவளைக் கட்டிக் குடுத்தது நாலு ஊரு தள்ளி, பஸ்ஸுல வந்து எறங்கி நடந்து வாறா. கையில பெரிய பலகாரச் சம்புடம், மேல துணி கட்டி. நான் மிச்ச மாவைச் சுட்டுக்கிட்டே அடுக்களையில இருந்து பாத்துட்டேன். வரட்டும், வாசல்லயே சொல்லி அனுப்பிருவோம்னு கரண்டியக் கீழ வச்சேன்.

தெருமுக்குல வரும்போதே அவளுக்கு வாசம் அடிச்சிருக்கும் போல. நின்னா. ஒரு நிமிசம் அப்படியே நின்னா. அப்புறம் ஓடி வாறா அக்கா, சம்புடத்தை இடுப்புல இடுக்கிக்கிட்டு, சேலை தடுக்கத் தடுக்க. வாசல்ல சம்புடத்தைப் போட்டுட்டு உள்ள வந்து என் ரெண்டு தோளையும் பிடிச்சுக்கிட்டா. மூஞ்சியெல்லாம் சிரிப்பு. நான் அவளை அப்படிப் பாத்து மாசக்கணக்காச்சு.

"மைனி, அண்ணன்கிட்ட இருந்து போன் வந்துச்சா? எங்க இருக்கான்? எப்ப வாறான்?"

எனக்கு ஒண்ணும் விளங்கல. போன் ஒண்ணும் வரல, ஆனா வந்துருவாவன்னு சொன்னேன். அவ அதைக் கேக்கவே இல்ல. பலகாரம் சுட்டிருக்கியளே, பலகாரம் சுட்டிருக்கியளேன்னு சொல்லிக்கிட்டே அடுக்களைக்குள்ள போறா. டின்னெல்லாம் வரிசையா வச்சிருந்தேன். ஒவ்வொண்ணா மூடியத் தொறக்கா. என்னமோ நான் திருடி ஒளிச்சு வச்ச மாதிரி என் வீட்டு டின்னை இவ தொறந்து பாக்கா. எனக்கு அது பிடிக்கல. ஆனாலும் சும்மா நின்னேன். முறுக்கு டின்னைத் தொறந்தா, மூடுனா. அச்சுமுறுக்கைத் தொறந்தா, மூடுனா. அதிரசத்துக்கு அடியில கைய விட்டுத் துழாவுதா. பரண்ல ஏதாவது இருக்கான்னு எக்கிப் பாத்தா. அவ சிரிப்பு எந்த டின்னுல போச்சுன்னு நான் கவனிக்கல. கடைசி மூடிய மூடிட்டுத் திரும்பும்போது இல்ல.

"முந்திரிக்கொத்து எங்க மைனி?"

அவியளுக்கு அது ஒண்ணுதான் பிடிக்கும் அக்கா. மத்த பலகாரம் எதையும் தொட மாட்டாவ. முறுக்கு பல்லுல ஒட்டும், அதிரசம் தெவிட்டும்பாவ. வறுத்த பாசிப்பயறு மாவுல, கருப்பட்டிப் பாகு ஊத்தி, எள்ளும் தேங்காயும் போட்டு உருட்டி, மூணு மூணாச் சேத்துப் பொரிச்சு எடுக்கணும். கெட்டுப் போகாதுன்னு கடலுக்கும் கொண்டு போவாவ. எனக்கும் பெனிட்டாவுக்கும் அது ஆகாது, வாயில வச்சா கல்லு மாதிரி இருக்கும். கல்யாணம் ஆன வருசத்துல இருந்து மொதச் சட்டியில அதைத்தான் போடுவேன். அவியளுக்குப் போட்டு எடுத்துட்டுத்தான் மத்ததுக்கு எண்ணெய் விடுவேன்.

மறந்துட்டேன்னு சொன்னேன். அதான் உண்மை. பயறு வாங்கல, வறுக்கல. அது ஞாபகத்துலயே இல்ல. ரெண்டு நாளா அடுப்புக்கு முன்ன நிக்கேன், ஒரு தடவகூடத் தோணல. மனுசிக்கு மறக்காதா?

அமலோற்பவம் என்னையே பாத்தா. கோவமாப் பாக்கல. "எங்க எல்லாருக்கும் முன்ன உங்க கை தெரிஞ்சுக்கிட்டுது மைனி" அப்படின்னா. சொல்லிட்டு அடுக்களைத் தரையில உக்காந்தா. அப்புறம் ஒரு அழுகை. அண்ணே அண்ணேன்னு மாருல அடிச்சுக்கிட்டு, சாவு வீட்டுல அழுத மாதிரி. பெனிட்டா ஓடி வந்தா. எம்பிள்ளை என்கிட்ட வராம நேரா அவ மடியில போயி விழுந்தா. அப்பான்னு ஒரு சத்தம் போட்டா பாருங்க, அதை நான் அதுவரைக்கும் கேட்டதில்ல. ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சுக்கிட்டு அழுதாவ. நான் அடுப்பை அணைச்சேன். எண்ணெய் அதிகம் காஞ்சா அப்புறம் எதுக்கும் ஆகாது.

சன்னல்தான் தொறந்து கெடக்கே. வாசம் போன வழியா அழுகையும் போச்சு. சாயங்காலம் ஆகுமுன்ன தட்டு வர ஆரம்பிச்சுது. மொதல்ல ரோஸ்லின், அப்புறம் எதுத்த வீடு, அப்புறம் தெருவே. நான் குடுத்ததை வாங்குன அதே ஆளுக. தட்டை வச்சிட்டு என் கையப் பிடிச்சிட்டுப் போனாவ. வைக்க எடமில்லாம கட்டில் மேலயும் வச்சாவ. அன்னைக்கு ராத்திரிப் பூசைக்கு அமலோற்பவமும் பெனிட்டாவும் போனாவ. நான் போகல. தட்டெல்லாம் எறும்பு மொய்ச்சிரும்லா.

அதான் சொல்லுதேன். ஒரு முந்திரிக்கொத்து போட மறந்ததை வச்சு, ஒரு மனுசனைச் செத்தவங்ககூடச் சேத்துட்டாவ. அன்னைக்கு அடுக்களையில தொடங்குனதை ஆடியில கோயில்ல வாசிக்க வச்சு முடிச்சிட்டா. பெனிட்டாவும் அத்தைக்கு உடந்தை. சாமியாருக்கிட்டப் பேரு சொல்லப் போனப்ப அவளும் கூடப் போயிருக்கா, எனக்குப் பொறவுதான் தெரியும். நீங்களே சொல்லுங்க, இது நியாயமா? மறதிக்கு இவ்வளவு அர்த்தம் எடுக்கலாமா? நீங்க என்னக்கா, முந்தானையால கண்ணைத் தொடைக்கிய. ஏன் அழுவுதிய? நான்தான் ஒண்ணுமில்லங்கேன்லா.

எறங்குற எடம் வந்துட்டு. கூட்டமா இருக்கும், பையப் பைய எறங்குவோம். பூசை முடிஞ்சு நான் கடைத்தெருவுக்குப் போகணும். அடுத்த மாசம் கிறிஸ்மஸ்லா. இந்த வருசம் நான் சட்டி வைக்கிறதுக்கு ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ, அவங்க கணக்குக்குத்தான் வருசம் முடிஞ்சு போச்சே. பாசிப்பயறு வாங்கணும், கருப்பட்டி வாங்கணும். இந்தத் தடவ மறக்கக் கூடாது, மொதச் சட்டியே முந்திரிக்கொத்துதான் போடணும்னு வச்சிருக்கேன்.

எவ்வளவு போடன்னுதான் தெரியலக்கா. திங்க ஆளில்லையே.